அமெரிக்க மாப்பிள்ளையை விசாரித்த விதம்

உலகம் ரொம்பச் சின்னது என்று யாராவது வியந்து சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். தாங்களே அதைத் துவைத்துச் சுருங்க வைத்ததுபோல ஒரு பெருமையோடு சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை முழுவதும் என் தாய்மாமனுக்குத்தான் சொந்தம்.

மாமா அம்மாவின் தம்பி. சின்னமனூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இருந்த வாழைத்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதையே முழுநேரத் தொழிலாகச் செய்துவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் "எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார். போடி என்றால், "போடியில யாரு வீடு?" என்பார். மூன்றாவது கேள்விக்குள் அந்த மனிதர் எங்களுக்குப் பங்காளியாகவோ, பங்காளிக்குச் சம்பந்தியாகவோ, போனால் போகிறது, அந்தச் சம்பந்தி வீட்டுக்குப் பால் ஊற்றியவராகவோ ஆகிவிடுவார். இறங்கும்போது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். மறுநாள் அவர் பெயர் என்ன என்று கேட்டால் மாமாவுக்குத் தெரியாது. அதைக் கேட்டிருக்கவே மாட்டார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. தேனியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். செல்போன் எங்கள் ஊரில் நாலைந்து பேர் இடுப்பில் மட்டும் தொங்கியது. ஜெயமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் வேலை. பெண் பார்க்க அவருடைய அம்மாவும் அப்பாவும் மட்டும் வந்தார்கள். அவருக்குப் பதிலாக ஒரு போட்டோ வந்தது. யாருடையதோ ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

நான் பஜ்ஜித் தட்டை நீட்டியபோது அந்த அம்மா, "எங்க பையன் கத்திரிக்கா மட்டும் தொடமாட்டான் ஆத்தா. மத்தபடி எதக் குடுத்தாலும் சாப்புடுவான்" என்றார். கல்யாணம் முடிந்ததும் கண்காணாத தேசத்துக்கு அந்த மனிதரோடு தனியாகப் போய் மிச்ச ஆயுசைக் கழிக்கவேண்டியவள் நான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. உள்ளூர் மாப்பிள்ளை என்றால் அவர் தெரு டீக்கடையில் ஒருத்தர் போய் உட்காருவார். இன்னொருத்தர் வெட்டவேண்டிய அவசியமே இல்லாத முடியை அங்கே இருக்கிற சலூனில் வெட்டிக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி யார் என்று தேடிப்பிடித்து அவரையும் கேட்பார்கள். அவர்தான் உள்ளதைச் சொல்வார். டெக்சாஸில் எந்த டீக்கடையில் போய் உட்காருவது என்று அப்பா கவலைப்பட்டார்.

"என்கிட்ட விடுங்க மச்சான். உலகம் ரொம்பச் சின்னது" என்றார் மாமா.

அன்றைக்கே கிளம்பிவிட்டார். கம்பத்தில் அவருக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய தம்பி துபாயில். தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் கோட்டயத்துக்காரர். கோட்டயத்துக்காரரின் அக்கா நியூ ஜெர்சியில் நர்ஸ். டெக்சாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் எவ்வளவு தூரம் என்று நான் பள்ளிக்கூட அட்லஸை விரித்துக் காட்டினேன். "எல்லாம் அமெரிக்காதான ஆத்தா" என்று மாமா அதை மூடிவைத்தார். அந்த நர்ஸம்மா குடியிருந்த கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்ததாம். அவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் செய்தி வந்தது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் மாமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை எப்படி என்பதைவிட அவரை எட்டிப்பிடித்த வழிதான் ஊருக்கே பெரிய விஷயமாகப் போயிற்று.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மாமா வாயெல்லாம் பல்லாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"தங்கமான பையனாம். தானுண்டு தன் சோலியுண்டுன்னு இருப்பானாம். சிகரெட்டு, தண்ணி கெடையாது. ஆத்தா மேல உசுரு. கத்திரிக்கா மட்டும் தொடமாட்டானாம்!"

"கத்திரிக்கா விஷயம் அமெரிக்காவுல யாருக்கு மாமா தெரியும்?" என்று கேட்டேன்.

"பாத்தியா, அம்புட்டு நுணுக்கமா விசாரிச்சிருக்காக!" என்றார்.

பேசி முடிக்க வந்தார்கள். இந்த முறை மாப்பிள்ளையின் தாய்மாமனும் கூட வந்திருந்தார். பெரியகுளத்தில் உரக்கடை வைத்திருப்பவர். தை மாதத்தில் மூன்று வார லீவில் மாப்பிள்ளை வருவார், அதற்குள் கல்யாணம் என்று முடிவாயிற்று. நான் காபி டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது உரக்கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு ஒரு சங்கதி சொன்னார்.

"ஒரு கூத்தக் கேளுங்க. எங்க கடைக்கு எதுத்த வீட்டுப் பையன் ஒருத்தன் நியூ ஜெர்சியில இருக்கான். போன வாரம் அவன் எனக்குப் போன் போட்டு, 'ஜெயமங்கலத்துப் பையன் ஒருத்தரப் பத்தி எங்க கட்டடத்துல இருக்குற ஒரு நர்ஸு கேக்குறாக. எனக்குத் தெரியாது. உங்க பக்கத்து ஆளாச்சே, எப்படி?'ன்னான். ஏலே, அவன் என் அக்கா மவன்டான்னு சொல்லி, நான்தான் எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். கத்திரிக்கா தொடமாட்டாங்கிறது வரைக்கும்!"

கூடம் அதிரச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா, உலகம் எம்புட்டுச் சின்னதுன்னு பாத்தீகளா!" என்று எழுந்து நின்று உரக்கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு டம்ளரைத் தூக்கி அடிக்கலாமா என்றிருந்தது. கம்பத்தில் கிளம்பி, துபாய் போய், நியூ ஜெர்சி போய், எங்கள் விசாரிப்பு கடைசியில் பெரியகுளத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அவர் சொன்ன நற்சான்றிதழ் வந்த வழியே திரும்பவும் கடல் தாண்டிப் போய், அமெரிக்கச் செய்தியாக எங்கள் கூடத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. பஸ் ஏறிப் பெரியகுளம் போயிருந்தால் அரை நாளில் இதே பொய்யையோ மெய்யையோ கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அதைக் கூட்டமாக உட்கார்ந்து கொண்டாடுகிறார்கள். உலகத்தையே சுற்றி வந்துவிட்ட தெம்பில், விசாரிக்கவே இல்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் எல்லாரும் நல்லதாத்தான சொல்றாக?" என்றார்.

"எல்லாரும் இல்லப்பா. ஒரே ஆளுதான் சொல்லிருக்காரு. மத்தவுக எல்லாம் கைமாத்தி விட்டவுக."

"கெட்டவன்னு யாரும் சொல்லலியே" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மாப்பிள்ளையின் போன் நம்பரை அந்த அம்மா முதல் நாளே கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். அது எங்கள் வீட்டு போனுக்கு மேலே காலண்டரில் எழுதிக் கிடந்தது. அத்தனை நாளில் ஒரு ஆளும் அந்த நம்பரைச் சுழற்றவில்லை. மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லையாம்.

வீட்டு போனில் பேசினால் எல்லார் காதிலும் விழும். சின்னமனூர் எஸ்.டி.டி. பூத்துக்காரர்கள் எல்லாரும் மாமாவுக்கு வேண்டியவர்கள். அதனால் ஒருநாள் காலையில் முதல் பஸ் பிடித்துத் தேனிக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பூத்தில் நுழைந்தேன். பூத்துக்காரர் நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அமெரிக்காவா? ஒனக்கு எந்த ஊருத்தா?"

"சிவகாசி" என்றேன்.

"சிவகாசியில யாரு வீடு?"

ஒரு பெண் ஒரு போன் பேசுவதற்கு வேறு ஜில்லாவில் பிறந்தால்கூடப் போதாது. கண்ணாடிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டேன்.

அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மணி அடித்ததும் எடுத்துவிட்டார். "நான் சின்னமனூர்லருந்து பேசுறேன். உங்களுக்குப் பேசி முடிச்சிருக்க பொண்ணு" என்றேன்.

"முடிச்சிருக்காகளா?" என்றார்.

"தை மாசம் கல்யாணம்."

"பாத்துட்டு மட்டும் வர்றோம்னுதாங்க எங்க அம்மா சொன்னாக" என்று மெதுவாக ஆரம்பித்தார். கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தியைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் முன்பே சொல்லியிருக்கிறார். அம்மா அழுதிருக்கிறார். அழுகை நின்றதும் எங்கள் வீட்டுக்குப் பஜ்ஜி சாப்பிட வந்திருக்கிறார். ஏழு பேர், மூன்று தேசம், இரண்டு வாரம். இது எதற்கும் சிக்காத விஷயத்தை அந்த மனிதர் மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தார்.

"மன்னிச்சிருங்க. நானே வீட்டுல பேசி நிறுத்திர்றேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்டயாவது கேட்டாகளா, சம்மதமான்னு?" என்றார்.

"இல்லங்க. யாரும் கேக்கல" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் நின்றதற்காக இல்லை. சம்மதமா என்று என்னிடம் முதல்முதலாகக் கேட்டவர் என்னைக் கட்டிக்கொள்ளப் போகாத மனிதர் என்பதற்காக அழுதேன். பூத்துக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் சொன்னபோது மாமா குதியாய்க் குதித்தார். பையனுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "பொம்பளப் புள்ள பூத்துல போயி நின்னு அமெரிக்காவுக்குப் பேசுறதா? அப்ப அத்தன பேரும் பொய்யா சொன்னாக?" என்று கத்தினார்.

"யாரும் பொய் சொல்லல மாமா. யாருக்கும் ஒண்ணும் தெரியல."

கல்யாணம் நின்றுபோனது. பெண்ணே போன் போட்டுக் கல்யாணத்தைக் கலைத்துவிட்டாள் என்ற செய்தி மட்டும் கம்பம், போடி, கெங்குவார்பட்டி என்று எல்லா இடத்துக்கும் தப்பாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கு யாரும் யாரையும் தேடிப்போகவேண்டி இருக்கவில்லை.

மாமா அடங்கியிருந்தது ஒரு மாசம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் இன்னொரு போட்டோவோடு வந்தார். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. அங்கே விசாரிக்க உத்தமபாளையத்தில் ஒரு ஆள் இருக்கிறார், அவருடைய மச்சினன் வழியாக என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குவைத்த அப்புறம் விசாரிக்கலாம் மாமா. இங்கன இருக்கிற என்னைய மொதல்ல ஒரு வார்த்த கேளுங்க" என்றேன்.

அப்பா பேப்பரை மடித்துவைத்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"சரி, கேக்குறேன். ஒனக்கு எப்பிடிப்பட்ட மாப்ள வேணும்? சொல்லு."

வாயைத் திறந்தேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.