தாடையில் ஒரு கை

மைசூரில் மருத்துவ மாணவர்களுக்கு, இதய நோயாளிகளிடம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். புகையை விடு, உப்பைக் குறை என்று அதட்டாமல், அவர்களே மாற நினைக்கும்படி பேசுவதுதான் பாடம். நோயாளியாக நடிக்க, எங்கள் மாடி கேன்டீன் நடத்தும் கொள்ளேகால்காரர் பழனியை அழைத்திருந்தேன். வசனம் நான் எழுதியது.

அன்று பழனி நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்துவிட்டார். பிறகு, "சிகரெட்ட நாளைக்கு விட்டர்றனுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறேன்.

இதய வலி சிலருக்குத் தாடையில்தான் தெரியும். ஆனால் அதை நான் எழுதவில்லை.

"தாடையைப் பிடிக்க யார் சொன்னது பழனி?"

"உங்களப் பாத்துத்தானுங்க சார். தினமும் படியேறி வந்து இப்படித்தான் நிப்பீங்க. அப்பறம் நாளைக்கு விட்டர்றேன்னு சிரிச்சுக்கிட்டே சிகரெட்டப் பத்த வெப்பீங்க."

அப்படி நின்றதாக எனக்கு நினைவே இல்லை. ஒரு மாணவி எழுந்து வந்து, நான் பழக்கிய அதே மெல்லிய குரலில் கேட்டாள்: "எத்தனை நாளா சார் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

எத்தனையோ நோயாளிகள் என்னிடம் சொன்ன பொய் அது. ஒருவரையும் நான் நம்பியதில்லை. சொல்லி முடித்தபோது என் இடது கை தாடையில் இருந்தது.