மகளின் செய்திகளைப் படித்த மூன்று வாரம்

என் தம்பிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை. கண்ணாடி ஒட்டுவான், கவர் விற்பான், கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்வான். போன வருடம், என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய போனுக்குக் கண்ணாடி மாற்ற அவனிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றினான். கூடவே, அவளுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் என் பழைய போனிலும் தெரிகிற மாதிரி இணைத்து வைத்துவிட்டான்.

"இன்னாடா இது?"

"யக்கா, மாமா துபாய்ல இருக்காரு. வயசுப் பொண்ண வச்சிக்கினு நீ ஒண்டியா இருக்க. அது யார்கிட்ட இன்னா பேசிக்கினு இருக்குன்னு தெரிய வேணாமா? அதுக்குத் தெரியவே தெரியாது."

எடுடா இதை என்று சொல்லியிருக்க வேண்டும். "இந்த பழைய போன்ல சார்ஜ் நிக்குமா?" என்றுதான் கேட்டேன்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு மகளின் செய்திகளையும் திறந்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப்பில் ரோஜாப்பூப் படம் போட்டு, 'பிள்ளைகளை நம்புங்கள், கண்காணியுங்கள்' என்று தினமும் காலையில் ஒருவர் அனுப்புவார். அதைப் பார்த்து முகம் சுளித்தவள், இப்போது கைகூப்பும் பொம்மை போட ஆரம்பித்தேன். அத்தனை யோக்கியமாகிவிட்டேன்.

கிடைத்தது என்ன? தவளையின் இதயப் படம். வேதியியல் நோட்டு. என் சாம்பாரைப் பற்றி ஒரு வரி, நியாயமான வரிதான். பிறகு ஒரு வியாழக்கிழமை, யானைப் பொம்மையைப் பெயராக வைத்துச் சேமித்திருந்த ஓர் எண்ணிலிருந்து இது வந்தது: 'சனிக்கிழம கரியாலூர்லேர்ந்து மொத பஸ்ல வந்துர்றேன்டா. பஸ் ஸ்டாண்டுல நில்லு. வூட்டுக்குத் தெரியாம வரேன்.'

இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி 'டா' போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். என் மகளே அப்படித்தான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு தம்பி கடைக்கு ஓடினேன்.

"பையன்தான்க்கா. எழுதியே தரேன்" என்றான். யோசிக்கவே இல்லை. அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெரியவர் எடுத்தார்.

"யோவ், உம் பையன அடக்கி வை. எங்க வூட்டுப் பொண்ணு பின்னால வந்தான்னா நடக்கிறதே வேற!"

"எனக்குப் பையனே இல்லிங்க" என்றது அந்தக் குரல். "இது எம் பொண்ணு போனுங்க. அது எங்க வருதுன்னீங்க?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். சனிக்கிழமை, முதல் பஸ், பஸ் ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் வரிவரியாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வைத்தான். பிறகு, "பொண்ணுதானாம்க்கா" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. டீ வாங்கிக் குடித்தோம். ஒரு பெண் ஏன் வீட்டுக்குத் தெரியாமல் கரியாலூர் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பையன் இல்லை என்றதும் எங்கள் அக்கறை தீர்ந்து போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். முகம் வெந்து கிடந்தது. நான் கேட்காமலே சொன்னாள்.

"மா, அவ வரல. மூணு பஸ் பாத்துட்டேன்."

பத்தாவது வரை இவளோடு ஒரே பெஞ்சில் இருந்த பெண் அவள். விடுதியில் தங்கிப் படித்தவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் பேசிவிட்டார்கள். பதினாறு வயது. அவளை அழைத்துக்கொண்டு பழைய வகுப்பாசிரியை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"அவங்கப்பாவுக்கு எப்டியோ தெரிஞ்சிருச்சும்மா. கல்யாணத்த திங்கக்கிழமைக்கே மாத்திட்டாங்களாம். பக்கத்து வூட்டு போன்லேர்ந்து சொன்னா. எப்டிமா தெரிஞ்சிருக்கும்?"

என்னிடம் உதவி கேட்டு நிற்கிறவளிடம், அவள் செய்திகளைப் படித்ததையும் தம்பி போன் பண்ணியதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"எல்லாத்தையும் படிச்ச இல்ல? புதன்கிழம நான் அவளுக்கு எழுதுனத படிக்கலயா? 'பயப்படாத, எங்கம்மாகிட்ட சொல்லிடலாம், அவங்க பாத்துப்பாங்க'ன்னு எழுதுனேனே."

பார்த்திருப்பேன். பையனைத் தேடுகிற அவசரத்தில் விரல் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

அன்றைக்கே ஆசிரியையைப் பிடித்தேன். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகளின் ஜீப்பில் நாங்களும் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு அருவி பார்க்கப் போகிற கார்கள் ஹாரன் அடித்தன. அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று பெண்ணின் அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"போன் பண்ணது உங்க வூட்டு ஆளுங்களா? அதக் கேட்டு பயந்துதாங்க தேதிய முன்னால வச்சோம்."

நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் அந்தப் பெண் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். படிக்கிறாள். ஆனால் என் தம்பியைக் கேட்டால், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றியதே அவன்தான். "நாம மெசேஜ் பாத்ததாலதான கண்ணாலம் நின்னுச்சு?" என்று கடைக்கு வருகிற பெற்றோர்களிடம் சொல்கிறான். அவர்களும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, தங்கள் பிள்ளைகளின் போனைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அந்தப் பழைய போனில் இருந்த இணைப்பை மகள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினேன். "சரி" என்றாள். இப்போது அவளுடைய போன் பூட்டுப் போடாமல் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுகிறாள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "நல்லாருக்கா" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.