கைதட்டிய கணினி

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே தட்டச்சு செய்த பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான உருவம், மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. எந்தப் பெயரையும் அடிப்பதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்.

அண்ணன் கடலுக்குப் போய் இறந்த பிறகு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அண்ணியை அங்கே அழைத்துப் போயிருந்தேன். புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாத அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னபோது கணினியிலிருந்து கைதட்டலும் விசிலும் கிளம்பின. “வாழ்த்துகள்! நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்!” என்றது ஒரு குரல். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் பிரவுசரில் சத்தம் வந்த பக்கத்தை மூடினார். உடனே இன்னொன்று திறந்து, அதுவும் கத்தியது.

“சவுண்ட கொறச்சிட்டு வேலயப் பாரும்மா, கூட்டம் நிக்குது” என்றார் கடைக்காரர்.

“கொறச்சா போதுமா சார்? ஓசியில மேட்ச் பாக்க நீங்கதான அந்த சைட்டுக்கு அலோ குடுத்தீங்க? அவுங்க செத்துப்போன புருஷன் பேரச் சொல்றாங்க, இது கை தட்டுது! இத எடுக்காம ஒரு எழுத்து அடிக்க மாட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், தானாகப் பக்கங்களைத் திறக்க அந்தத் தளத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை நீக்கினார். பிரவுசரை மூடித் திறந்து, சத்தம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கக்கா. இப்ப சொல்லுங்க.”

வேலை முடிந்து, ஊர் திரும்பக் கடலூர் பேருந்தில் ஏறினோம். அண்ணி சொன்னார்: “இதுவரைக்கும் எல்லாரும் பாவம்னுதான் சொன்னாங்க தம்பி. உங்க அண்ணனுக்காகக் கோவப்பட்டது அந்தப் பொண்ணு ஒருத்திதான்.”