ஃபைபர் போட்ட ஃப்ளஷ் டேங்க்

அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் நாள் அது. இனி குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நைனா அவசரமாக ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி முடித்திருந்தார். காலையில் பார்த்தால், ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப், டேங்கோடு சேரும் இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரம். புது முட்டியோடு அம்மா அதில் வழுக்கினால் அவ்வளவுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வேலை. எதையும் வரிசைப்படுத்திக்கொண்டுதான் தொடுவேன். முதலில் சுவரோரம் தண்ணீரை நிறுத்தும் திருகு, அதாவது ஆங்கிள் காக், அதை மூடு. அடுத்து நட்டைக் கழற்று. பிறகு வாஷரைப் பார். பார்த்தேன். படகு இன்ஜின் போல்ட்டை முறுக்குகிற வேகத்தில் நைனா முறுக்கியதில் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. பைப்பைக் கையாலேயே லேசாக மாட்டிவைத்துவிட்டு, "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் மீனவ ஊரின் டச்சுக் கல்லறை பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே எல்லா அளவிலும் தூண்டில் முள் இருந்தது, வாஷர் இல்லை. பஸ் பிடித்துப் பொன்னேரி போனேன்.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் நாற்றம். சித்தப்பாவுக்கு ஃபைபர் படகுகளின் ஓட்டை அடைக்கிற தொழில். டாய்லெட் வாசலில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். பக்கத்தில் நைனா, பெருமையாக.

"வா பாப்பா, வந்து பாரு. ஒரு சொட்டு வருதா?" என்றார் சித்தப்பா.

வரவில்லை. டேங்கின் அடிப்பக்கம், பைப், ஆங்கிள் காக், சுவர் டைல்ஸ், எல்லாம் ஃபைபருக்குள் போய் ஒரே உடம்பாக இறுகியிருந்தன.

"சித்தப்பா, காக்கு மூடியிருந்துச்சே?"

"அதான் நல்லதாப் போச்சி. ஈரத்துல ரெசின் புடிக்காது. டேங்கையும் காலி பண்ணி, தொடச்சி, காய வெச்சி அடிச்சேன்."

"காக்கைத் திருவுற புடி எங்க?"

"அதுலயும் ஒரு சொட்டு தொங்கினு இருந்துச்சி. சேத்து மூடிட்டேன். இனிமே கடலே வந்தாலும் உள்ள போவாது."

"உள்ள போவணும் சித்தப்பா! அதுக்குத்தான் அந்தப் பைப்பே!"

தண்ணீர் உள்ளே போக வேண்டிய ஒரு பொருளை அவர் அதுவரை பழுது பார்த்ததே இல்லை. மெதுவாக நைனா பக்கம் திரும்பினார்.

"நீதானண்ணா அடைக்கச் சொன்ன?"

"ஓட்டைய அடைன்னேன்டா. வழிய அடைன்னா சொன்னேன்?"

சுவரை உடைத்தால்தான் காக் வரும். நான் சுத்தியலைத் தேடி எடுப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. அம்மா வாக்கரைப் பிடித்தபடி நேராக டாய்லெட்டுக்கு வந்தார்.

"போன்ல ஒழுகுதுன்னீங்களே?"

"இப்ப ஒழுகல," என்றேன்.

"தரை?"

"காஞ்சிருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு மூணு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுனு நிக்கிறீங்க?"

சொன்னோம். அம்மா சிரிக்கவில்லை, அவசரத்தில் இருந்தார். நான் டேங்க் மூடியைக் கழற்றி வைத்தேன். டேங்குக்கு நேர் மேலே வென்டிலேட்டர் ஜன்னல். அம்மா கதவைச் சாத்தியதும், நைனா வெளியே முக்காலி போட்டு ஏறி, அந்த ஜன்னல் வழியே டேங்கில் ஊற்ற வாளியும் சொம்புமாகக் காத்திருந்தார்.

"ஊத்துய்யா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஊற்றினார். "இன்னும்! போதும், போதும்! தலையில ஊத்தாத!"

தண்ணீர் இறங்கும் சத்தம் நன்றாகவே கேட்டது. சித்தப்பா மட்டும் கைதட்டினார்.

அம்மா கால் நனையாமல் வெளியே வந்து, என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"உள்ள வெச்சிடு. நான் நல்லா நடக்கற வரைக்கும் யாரும் எதையும் உடைக்க வேணாம். கல்லும் மண்ணும் தடுக்கி நான் வுழணுமா? அந்த மனுசன் ஊத்தட்டும்."

நைனா முக்காலியை விட்டு இறங்காமலே, வாளியை நிரப்பித் தரச் சொல்லி சித்தப்பாவிடம் நீட்டினார்.