கூடையின் அடியில் சௌசௌ இலைச் சுருள்

கந்தெலாரியா முதன்முதலாக எங்கள் சந்தைக்கு வந்த அன்று, அவள் வெளியூர்க்காரி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் போட்டிருந்தது எங்கள் ஊர் மேலாடைதான். சிவப்பில் மஞ்சள் கோடு, மார்பில் இரட்டைத் தலைப் பறவை. ஆனால் நல்ல பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் நாங்கள் அப்படிப் போடுவோம். சந்தைக்கு வரும்போது புரட்டித்தான் போடுவோம். தறியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்தது, வெயிலில் சாயம் போனால் யார் அழுவது? முடிச்சும் நூலும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்த எங்கள் நடுவே அவள் ஒருத்தி மட்டும் மணப்பெண் மாதிரி நின்றாள்.

அந்த வருஷம் யாரும் கண்ணில் படக்கூடாத வருஷம். வடக்கு மலையில் படைக்காரர்கள் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தப்பித்தவர்களைத் தேடிச் சந்தை சந்தையாக லாரி வந்தது. எங்கள் மலையில் துணியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். அதனால் தப்பி வருகிறவள் முதல் வேலையாகத் தன் துணியைப் புதைத்துவிட்டு வேற்றூர்த் துணிக்குள் புகுந்துகொள்வாள். துணி மாறிவிடும், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அத்தனை இடமிருக்க, கூடையோடு என் பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்தாள். நான் சோள ரொட்டி சுடும் மண்கல்லும் கிண்ணங்களும் விற்கிறவள். என் வாய் பொல்லாதது என்று ஊருக்கே தெரியும்.

"ஏ புள்ள, எந்த ஊரு?"

"இந்த ஊருதாங்கக்கா. ஓடைக்கு அந்தப் பக்கம்."

"ஓடைக்கு அந்தப் பக்கம் இடுகாடு. அங்கேருந்தா எந்திரிச்சு வர்ற?"

அவள் கூடையை மடியோடு இழுத்துக்கொண்டாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. எனக்கும் பயம்தான். விரட்டிவிடத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"எந்திரி. நூல்காரி கடைக்குப் பின்னால போயி துணியப் புரட்டிப் போட்டுட்டு வா. உன்னத் தேடி வர்றவன் என் கல்ல மிதிச்சான்னா, நீயா வாங்கித் தருவ?"

போய்ப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

தமால் விற்றாள். சோளமாவைச் சோளமட்டையில் கட்டி ஆவியில் வேகவைப்பது எங்கள் ஊர் வழக்கம். கட்டும் முறையை நான்தான் காட்டிக் கொடுத்தேன். அவசியத்துக்கு மேல் பேசமாட்டாள், பேச்சில் வடக்கத்தி இழுவை வந்துவிடும் என்று. படைக்காரர்களுக்கு எங்கள் பேச்சும் வடக்கத்திப் பேச்சும் ஒரே இரைச்சல்தான், ஆனால் அடையாளம் காட்ட அவர்கள் கூட்டி வரும் மலைக்கார ஆளுக்குத் தெரியுமே. பிறந்த ஊரின் பெயரை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "எல்லாரும் கோயிலுக்குள்ள இருந்தாங்கக்கா, நான் மட்டும் வெறகுக்குப் போயிருந்தேன்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆடி போய் மழை பலத்திருந்த ஒரு சந்தை நாளில், அவள் கூடைத் துணியை லேசாக விலக்கிக் காட்டினாள். தமால்களுக்கு அடியில், விரல் கனத்தில், சௌசௌ இலையில் சுருட்டி வேகவைத்த மாவுச் சுருள்கள். வடக்கு மலைக்காரர்கள் தவிர யாரும் அதைச் செய்வதில்லை.

"இன்னிக்கு எங்க ஊருத் திருவிழாக்கா. மத்தியானத்துக்கு, உங்களுக்கும் எனக்கும்."

நான் கூடைத் துணியை இழுத்து மூடினேன். "ஊரே சாம்பலாப் போச்சு. திருவிழா என்னடி திருவிழா?"

"ஊரு போனா சாமியும் போயிருமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூசணி வெதைத் தொவையல் இல்லாம இத யாரும் தின்ன மாட்டோம். எலைக்கு எடது பக்கம் கிண்ணத்துல வச்சிருப்போம். வாசம் காட்டிக் குடுத்துருமேன்னு அரைக்கல."

அந்த அளவுக்காவது புத்தி இருந்ததே என்று நினைத்தேன். சுருள்களைத் தூக்கி ஓடையில் எறியச் சொல்ல வாயெடுப்பதற்குள் லாரிச் சத்தம் கேட்டது.

சந்தையின் இரண்டு வாசலையும் அடைத்துவிட்டார்கள். நடுவில் அவன் வந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. மலையில் பிடித்த ஆளை இப்படித்தான் கூட்டி வருவார்கள். யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவர்கள் லாரியில் ஏறவேண்டும். ஏறினவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அன்று உப்புக்காரனைப் பார்த்து ஆட்டினான். உப்புக்காரன் தராசைக்கூடக் கீழே வைக்காமல் நடந்துபோனான்.

அதிகாரி ஒருவர் எங்கள் முன்னால் வந்து, கம்பால் கூடையைக் கவிழ்த்தார். தமால்கள் உருண்டன. பச்சைச் சுருள்கள் மேலே கிடந்தன.

"இது என்ன?"

கேட்டது கந்தெலாரியாவை. நான்தான் பேசினேன். "எனக்குச் செஞ்சதுங்க ஐயா. பல்லு வலி, மட்டையில கட்டுனா கெட்டியா இருக்கு. எலையில சுத்திக் குடுன்னு கேட்டேன்."

"உன்னையா கேட்டேன், கிழவி?"

எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த நடுக்கத்திலும் அது உறைத்தது. அவர் சாக்குக்காரனைக் கூப்பிட்டார். "இங்க வா. இது உங்க ஊருத் தீனியா?"

அவன் குனிந்து ஒரு சுருளை எடுத்தான். எடுத்த கை நேராக வாய்க்குப் போகவில்லை. இடது பக்கம் போனது. தரையில் எதையோ தொடப்போவது மாதிரி இறங்கி, அங்கே ஒன்றும் இல்லாமல், அந்தரத்தில் நின்றது.

அதிகாரிக்கு அது ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவன் துவையல் கிண்ணத்தைத் தேடினான். நான் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

சாக்கை உதட்டுவரை தூக்கி, மெதுவாக மென்று தின்றான். தாடையில் ஆறாத புண். முழுங்கிவிட்டுச் சொன்னான்: "எங்க ஊருது இல்லீங்க. நாங்க இவ்வளவு தடிமனாச் சுத்த மாட்டோம். இது இந்தப் பக்கத்துத் தீனி."

அதிகாரி அவனையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு பூட்ஸ் காலால் தமால்களை மிதித்துக்கொண்டு நகர்ந்தார்.

லாரி போனபின்தான் கேட்டேன். "யாருடி அவன்?"

"தெரியலக்கா. மொகம் தெரியல, கொரலும் சாக்குக்குள்ளேருந்து வந்துச்சு. கையத்தான் பார்த்தேன்." சிதறிய சுருள்களைப் பொறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு என்ன நாளுன்னு அவனுக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த சந்தைக்கு மறுபடியும் சுருள் செய்து எடுத்து வந்தாள். என்னிடம் ஒரு சிறு கிண்ணம் கேட்டு வாங்கி, மடியில் மறைத்து வந்த துவையலை அதில் போட்டாள். பூசணி விதை வாசம் நூல்காரி கடைவரை போனது.

"பைத்தியமாடி உனக்கு? நீ சாகுறதோட என்னையும் சேத்து சாகடிக்கப் போறியா?"

"அவன் ஒரு தடவ தொட்டுத் தின்னுட்டுப் போகட்டும்க்கா."

திட்டித் தீர்த்தேன். கிண்ணத்தின் மேல் என் மண்கல்லைக் கவிழ்த்து மூடியதும் நான்தான்.

லாரி வந்தது. அதே சாக்கு. தாடைப் பக்கம் காய்ந்த ரத்தக் கறை ஒன்று புதிதாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவன் போன தடவை வந்தவனைவிடக் குட்டை, வேறு ஆள். என்னைவிட முன்னால் கந்தெலாரியா அதைக் கண்டுகொண்டாள். அவள் முழங்கை என் விலாவில் இடித்தது. அவன் எங்களைக் கடந்துபோய் நூல்காரியின் மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

இப்போது லாரி வருவதில்லை. கந்தெலாரியா தன் ஊர்த் துணியையே நெய்து போட்டுக்கொள்கிறாள், சௌசௌ இலைச் சுருளைத்தான் வெளிப்படையாக விற்கிறாள். தூரத்திலிருந்தெல்லாம் தேடி வந்து தின்கிறார்கள். துவையல் கிண்ணத்தை இலைக்கு இடது பக்கம் வைக்கமாட்டாள்; யாராவது கேட்டால் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருவாள். என் கல்லைவிட அவள் சரக்குதான் வேகமாகப் போகிறது, எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. ஆனால் வாங்குகிறவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுருளை எடுத்த கை எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்கிறாள்.