தானியேல் மாமா வாங்கிய தூரக்கண்ணாடி

ஆம்பூர்த் தோல் ஆலையில் தரம் பிரிப்பவர் தானியேல் மாமா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பறவை பார்க்கப் பாலாற்றுக்குப் போய்விடுவார். 1931இல் வேலூர்ப் பழைய சாமான் கடையில் இரண்டு தூரக்கண்ணாடிகள் கிடைத்தன. ஒன்றுதான் வாங்க முடியும்.

பி.ஏ. தேறிய நான் பெரியதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். “இது பன்னெண்டு மடங்கு காட்டும் மாமா.”

மாமா சின்னதன் தோல்வாரை முகர்ந்தார். “கழுத்து வேர்வையில கறுத்திருக்கு பாரு. ஒருத்தன் தெனமும் மாட்டியிருக்கான். உன் பெருசு பொட்டியிலயே தூங்கியிருக்கு, பி.ஏ. தொரை!”

கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு கோட்டை அகழிக்குப் போனோம். பெரியதின் கனத்தில் கை நடுங்க, மீன்கொத்தியும் சேர்ந்து ஆடியது. சின்னதில் அதன் அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் தெரிந்தது.

“இன்னா சொல்றே?” என்றார் மாமா.

சின்னதை மாமாவிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.