ஆணியிலேயே தொங்கிய அகப்பை

பயத்தங்காயைக் கிள்ளும்போது கொடி கையோடு கொஞ்ச தூரம் வரும், பிறகுதான் விடும். அக்கா வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்து வாய்க்காலை ஒட்டிய பாத்தியில் நின்றுகொண்டு, பனி காயாத காய்களை மடியில் சேர்த்தேன். எனக்கு எதிலும் நிலை கொள்ளாது. பாதியிலேயே கத்தரிச் செடிக்குத் தாவினேன். அங்கிருந்து கறிவேப்பிலைக்கு.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. அத்தானின் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, கால் தங்கினால் பூக்குழி இறங்குவதாக அக்கா நேர்ந்துகொண்டாள். கால் தங்கியது. புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. காப்புக் கட்டிய கையோடு கோயிலுக்குப் பூக்கட்டப் போனவள், சமையலுக்கென்று நான் குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமிலிருந்து என்னை வரவழைத்திருந்தாள்.

"அவருக்கு நெத்திலி வறுத்துக் குடு. எனக்குக் காய் போதும். என் சட்டி தனி, அகப்பை தனி. மறந்துடாதடா" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கிளம்பினாள்.

"விரதம் அவளுக்கு, பத்தியம் எனக்கா? நெத்திலிய நல்லா மொறுமொறுன்னு எடு மச்சான்" என்றார் கூடத்திலிருந்து அத்தான்.

பாசிர் பெனம்பாங் மீன்சந்தையில் நானே வாங்கி வந்த நெத்திலி. பொன்னிறமாக வறுத்து எடுத்தேன். பிறகு அக்காவின் சட்டியை அடுப்பில் வைத்தேன். கடுகு வெடித்தது, வெங்காயம் வாடியது. காயைக் கொட்டியதும் எழுந்த ஆவியில் அந்தப் பாத்தியே வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. தேங்காய்ப்பூவைத் தூவி, புரட்டிப் புரட்டி, அந்த வாசனையில் நான் எங்கோ போய்விட்டேன்.

அக்கா வந்து, குளித்து, அடுக்களையில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றாள்.

"நல்லாருக்கு லா. உன் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

சிரித்தபடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அவளுடைய சிரட்டை அகப்பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, காய்ந்துபோய், யாரும் தொடாமல். சட்டிக்குள் கிடந்தது நெத்திலி வறுத்த கரண்டி. இரண்டுக்கும் நடுவில் அதைக் குழாயடியில் வெறும் தண்ணீரில் காட்டியது ஞாபகம் வந்தது.

அவள் இன்னொரு வாய் எடுத்தாள். பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மடக்கி உட்கார்ந்திருந்த அவள் பாதங்கள் கண்ணில் பட்டன. மஞ்சள் பூசிய, வெடிப்பு விழுந்த பாதங்கள். நாளை சாயங்காலம் அவை தணலில் இறங்கும்.

"அக்கா, சாப்பிடாத."

ஆணியில் தொங்கிய அகப்பையைக் காட்டினேன். அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் மெல்ல வைத்தாள்.

"நெத்திலி கரண்டியா?"

"கழுவுனேன்க்கா. சரியா கழுவல."

"மெதுவா பேசு. அவரு காதுல விழப்போவுது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றும் சத்தம் நிற்கவே இல்லை. ஈரம் சொட்ட வந்து அடுக்களை வாசற்படியில் நின்றாள்.

"நாளைக்கு நான் குழியில எறங்கல. பால்குடம் மட்டும் எடுத்துக்கறேன். தலை சுத்துதுன்னு அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. நான் எறங்குனாத்தான் புண்ணு ஆறும்னு நம்பிக்கிட்டிருக்காரு மனுசன். உன்னாலதான்னு தெரிஞ்சா உன்ன விடமாட்டாரு."

"அப்ப அந்த நேர்த்திக்கடன்?"

"அடுத்த வருசம். ஆத்தாவுக்கும் எனக்கும் உள்ளது அது."

என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லப் போகிறாள், அதுவும் விரதத்தில் இருந்துகொண்டு. அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மச்சான், அந்தக் காய் மிச்சம் இருக்கா? வாசம் தூக்குது" என்றார் அத்தான்.

சட்டியோடு கூடத்துக்குப் போனேன். கட்டுப் போட்ட கால் முக்காலி மேல் நீண்டிருந்தது. அதைப் பார்க்காமல், அதே கரண்டியால், இருந்த காயை எல்லாம் அவர் தட்டில் வழித்துப் போட்டேன்.